கைஸ்லர் அறை

ஆஷ்லிங்கன் ஊரில் 1925 முதல் 1933 வரை லோதர் கைஸ்லர் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொடுத்த முப்பத்தொரு வீடுகளிலும், வரைபடத்தில் உள்ளதைவிட ஓர் அறை கூடுதலாக இருந்தது. இதை முதலில் கண்டுபிடித்தவர் வீடு வீடாகப் போய்ப் புகைபோக்கி சுத்தம் செய்பவர். ஆறு அடுப்புக்கு அனுமதி வாங்கிய வீட்டின் கூரையில் ஏழு புகைவழிகள் இருப்பதாக அவர் நகராட்சிக்கு எழுதிப் போட்டார். இரண்டு அதிகாரிகள் வந்து வெளிச்சுவரை அளந்தார்கள். இம்மி பிசகாமல் வரைபடத்தோடு ஒத்துப்போனது. உள்ளே போய் அறைகளை அளந்து கூட்டினார்கள். வீடு தன்னைவிடப் பன்னிரண்டு சதுர மீட்டர் பெரியதாக இருந்தது. வீட்டுக்காரம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்ப அளந்தார்கள். அந்த அறையில் ஒரு சன்னல் இருந்தது. உள்ளே நின்று பார்த்தால் தோட்டம் தெரிந்தது, தோட்டத்தில் நின்று பார்த்தால் சன்னல் தெரியவில்லை. "கூடுதல் அறை ஒன்று, ஈரக்கசிவு இல்லை" என்று கோப்பில் எழுதிவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். நடக்குமா நடக்காதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். கோப்பில் ஏறிவிட்டால் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

பன்னிரண்டு சதுர மீட்டரில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறிவிடும். மருந்துக்கடைக்காரர் தன் பட்டாம்பூச்சிப் பெட்டிகளை எல்லாம் அந்த அறைக்குக் கொண்டுபோனார். பத்து வருடத்துக்குப் பிறகு அவர் மனைவிக்குச் சாப்பாட்டு மேசை திரும்பக் கிடைத்தது. சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு சகோதரிகள் அந்த அறைக்குள் மட்டும் பேசிக்கொண்டார்கள், வெளியே வந்ததும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரொட்டிக்கடை பாய்ர்லேயின் மனைவி வாரம் ஒருமுறை அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதுவிட்டு வந்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் தட்டு பறப்பது நின்றுபோனது. ஊரில் அதற்குக் கைஸ்லர் அறை என்று பெயர். பத்திரிகையில் வீட்டு விளம்பரம் கொடுப்பவர்கள் "தோட்டம், குளியலறை, கைஸ்லர் அறையுடன்" என்று போட்டார்கள்.

அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் கைஸ்லருக்கு நெஞ்சில் முள் தைத்தது. முப்பத்தொரு வீடுகளையும் வரைந்தவள் அவன் மனைவி தேயா. இருவரும் ஸ்டட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். தேயா மென்ஹைம் ஹைல்பிரான் நகரத்து யூத ஜவுளிக்காரரின் மகள். ஐந்து வருடம் அவள் முதலிடம், லோதர் இரண்டாமிடம். தோற்கடிக்க முடியாதவளைக் கல்யாணம் செய்துகொண்டால் தோல்வி வீட்டோடு போகும் என்று நினைத்தானோ என்னவோ, 1924-இல் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். ஆசையும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். வீடு கட்ட வருகிறவர்கள் ஆண்பிள்ளை கையெழுத்தைத்தான் கேட்டார்கள். ஆகவே வாடகை வீட்டின் சமையலறை மேசையில் அவள் வரைவாள், மூலையில் அவன் கையெழுத்துப் போடுவான். இதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதுதான் அவனுக்குப் பெரிய வருத்தம்.

"யார் பேரு இருந்தா என்ன லோதர்? கூரை ஒழுகாம இருந்தாப் போதாதா?" என்பாள் அவள், பென்சிலைச் சீவிக்கொண்டே.

அவள் கொஞ்சம் கோபப்பட்டிருந்தால்கூட அவனால் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியும். பேர் வேண்டும் என்று அவள் ஒரு தடவை சண்டை போட்டிருந்தால், சரி, இவளும் நம்மைப்போலத்தான் என்று ஆறியிருப்பான். அவள் சண்டை போடவில்லை. அதனால் அவள் தூங்கிய பிறகும் அவள் கடைக்குப் போன பிறகும் அவன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவள் வரைபடங்களின் மேல் குனிந்தான். இரண்டு வருடம் இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். ஒவ்வொரு வரைபடத்திலும் ஏதோ ஒரு சுவர்க்கோட்டில், ஓரிடத்தில் மட்டும், அவள் பென்சிலைத் தூக்கியிருந்தாள். மயிரிழை அளவு இடைவெளி. கட்டி முடித்த வீட்டில் அந்த இடத்தில்தான் கூடுதல் அறையின் கதவு இருந்தது.

"இங்க எதுக்குக் கையத் தூக்குற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டான்.

"தூக்குறேனா?" தேயா குனிந்து பார்த்தாள். "ஆமால்ல. அது ஒண்ணுமில்ல. வரைஞ்சுட்டு வரும்போது எங்கயாவது ஒரு எடத்துல அந்த வீட்டுக்காரங்க ஞாபகம் வந்துடும். இன்னும் என்ன வேணும் இவங்களுக்குன்னு ஒரு நிமிஷம் யோசிப்பேன். அப்புறம் விட்ட எடத்துலேருந்து வரைவேன்."

இவ்வளவுதானா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மாதம் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு அவனே தனியாக வரைபடம் போட்டான். வடக்குச் சுவரில் சரியாக மயிரிழை அளவு பென்சிலைத் தூக்கினான். தூக்கிக்கொண்டு யோசிக்கவும் செய்தான். தீயணைப்பு வீரர்களுக்கு என்ன வேண்டும் என்று அரை நிமிடம் யோசித்தான். மீதி அரை நிமிடம், இது முடிந்ததும் பத்திரிகையில் என்ன எழுதுவார்கள் என்று யோசித்தான். நிலையம் கட்டி முடிந்து எண்ணியபோது ஓர் அறை குறைவாக இருந்தது. கழிவறை இருக்கவேண்டிய இடத்தில் சுவர்தான் இருந்தது. எங்கள் ஊர்த் தீயணைப்பு வீரர்கள் இன்றுவரை எதிர்வீட்டுக்குத்தான் போய்வருகிறார்கள்.

1933-இல் ஆட்சி மாறியது. இனிக் கட்டடம் வரைகிறவர்கள் எல்லாரும் அரசாங்கக் கலை மன்றத்தில் உறுப்பினராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பென்சிலைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. யூதப் பெண் என்பதால் தேயாவுக்கு இடமில்லை. லோதர் சேர்ந்தான், கட்சியிலும் சேர்ந்தான், மனைவி யார் என்று அப்போது யாரும் கிளறவில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் சேர்ந்தார்கள் என்று பிற்பாடு சொல்வான். அது உண்மைதான், ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு வேலை குவியவில்லை. அந்த வருடத்தில் எங்கள் பகுதியில் பதினோரு கட்டடக் கலைஞர்கள் தொழிலை விட்டு விரட்டப்பட்டார்கள். அவர்களில் நான்கு பேர் லோதரைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் அலுவலகம் காலியானதும் அவர்களுடைய மேசைகளை லோதர் மலிவாக வாங்கிப்போட்டான். ஒரு மேசையில் கை வைத்தபோது மரம் இன்னும் சூடாக இருந்தது. கோடை வரும்வரை அந்தச் சூடு ஆறவில்லை. குளிர்காலத்தில் அது வசதியாகவே இருந்தது.

கட்சியின் மாவட்டத் தலைவராக வந்த ஹேகெலே முன்பு விதை வியாபாரம் செய்தவர். 1937-இல் லோதரைக் கூப்பிட்டு, மாவட்டத்துக்கே ஒரு தலைமை அலுவலகம் கட்டவேண்டும், எண்பத்துநான்கு அறைகள் என்றார்.

"அதுபோக மாடிக்கு ஒரு கைஸ்லர் அறை வேணும் ஆர்க்கிடெக்ட் சார். பெர்லின்லேருந்து வர்றவங்க எண்ணிப் பாத்துட்டு வாயப் பொளக்கணும்."

"செஞ்சுடலாம்" என்றான் லோதர்.

"ஒரே ஒரு இது. வீட்ல இருக்கறவங்கள வச்சுக்கிட்டு நீங்க மன்றத்துல எவ்வளவு நாளைக்கு இருக்க முடியும்? கடுதாசி வந்திருக்குமே?"

கடுதாசி வந்திருந்தது. யூதப் பெண்ணின் கணவன் தொழில் செய்ய வேண்டுமானால் தனி அனுமதி வாங்கவேண்டும். அந்த அனுமதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கெஞ்சிக் கேட்கவேண்டும். லோதர் ஒன்றரை வருடம் கெஞ்சினான். அவனைத் தூற்றுகிறவர்களும் இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த ஒன்றரை வருடமும் ஒரு கோடுகூடப் போட முடியாமல் மாவட்ட அலுவலகத்தின் வெள்ளைத்தாள் மேசையில் கிடந்தது. தேயாவிடம் கேட்டால் ஒரு வாரத்தில் வரைந்திருப்பாள். அவன் கேட்கவில்லை. இதையும் அவளே வரைந்தால் தன் ஆயுளில் ஒரு கட்டடமாவது தன்னுடையது என்று சொல்ல முடியாது. அந்தக் கூடுதல் அறை தனக்குள்ளும் எங்கேயோ இருக்கிறது, இவள்தான் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறாள் என்று மெல்ல மெல்ல அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது. 1938 நவம்பரில் யூதக் கோயில்களை எரித்தார்கள். ஊரே தெருவில் நின்று வேடிக்கை பார்த்தது. தீயணைப்பு வண்டி பக்கத்து வீடுகளுக்கு மட்டும் தண்ணீர் அடித்தது. அதற்கு மூன்று வாரம் கழித்து, பயறும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் ஆறிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையில், விவாகரத்து வாங்கிவிடலாம் என்று லோதர் சொன்னான்.

"தொழில் அனுமதிக்காகவா?" என்று தேயா கேட்டாள்.

"பின்ன வேற எதுக்கு?"

"இல்ல, சும்மா கேட்டேன். அதுக்காகன்னா எனக்குப் புரியும். வேற எதுக்காவதுன்னா இப்பவே சொல்லிடு."

"அதுக்காகத்தான்."

"ஒன் பேரு எம்பேரோட ஒட்டிக்கிட்டு இருக்குற வரைக்கும்தான் எம்மேல கை வைக்க யோசிப்பாங்க. அது தெரியும்ல ஒனக்கு?"

"தெரியும்" என்றான். பொய் சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் ஏனோ வரவில்லை.

"சரி, தெரிஞ்சுதான் கேக்குற. சாப்பிடு, ஆறிப்போகுது."

நீதிமன்றத்தில் கால் மணி நேரத்தில் முடிந்தது. தேயா ஒரு பெட்டியோடும் பென்சில் டப்பாவோடும் யூதர்களை அடைத்துவைத்திருந்த தோல்பதனிடும் தெருவுக்குப் போனாள். அன்று மாலையே லோதர் மாவட்ட அலுவலகத்தை வரைய உட்கார்ந்தான். கை தடையில்லாமல் ஓடியது. ஒவ்வொரு மாடியிலும் ஓரிடத்தில் பென்சிலைத் தூக்கினான். கண்ணை மூடிக்கூடத் தூக்கினான்.

போர் தொடங்கியிருந்தாலும் கட்சிக் கட்டடத்துக்கு மட்டும் சிமெண்ட் தட்டாமல் கிடைத்தது. 1940 கோடையில் திறந்தார்கள். எண்ணினால் எண்பத்துநான்கு. ஒன்றுகூடக் கூடுதல் இல்லை. புதுக் கட்டடம் அல்லவா, போகப் போக வரும் என்றார் ஹேகெலே. அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை இருபத்தேழாம் எண் அறையில் குமாஸ்தா ஷ்வென்க் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை இருபத்தாறுக்கும் இருபத்தெட்டுக்கும் இடையில் சுவர்தான் இருந்தது. அவருடைய தொப்பி வராந்தாக் கொக்கியில் தொங்கியது. அதை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அதன் பிறகு மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு என்று அறைகள் போய்க்கொண்டிருந்தன. தலைவரின் கட்டடத்தில் அறை குறைகிறது என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மிச்சமிருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். "கட்டடம் நல்ல கச்சிதம்" என்று ஹேகெலே மேலிடத்துக்கு எழுதினார். கச்சிதமாகக் கட்டுகிறவன் என்ற அந்தப் பேர்தான் லோதருக்கு அடுத்த வேலையை வாங்கித் தந்தது.

அடுத்த வேலை கைதி முகாம்களுக்குக் கொட்டகை வரைவது. மரச்சட்டம், பலகை, தார்த்தாள். கிழக்கே எங்கே வேண்டுமானாலும் இரண்டு நாளில் பூட்டி நிறுத்தலாம். ஒரு கொட்டகைக்கு ஐம்பத்திரண்டு பேர் என்று அவன் வரைந்தான். உத்தரவு போட்டவர்கள் அதை நூற்றைம்பது ஆக்கச் சொன்னார்கள். படுக்கைப் பலகையை மூன்று அடுக்காக்கி, சன்னலைச் சிறிதாக்கி, நடைபாதையை எடுத்துவிட்டு நூற்றைம்பது ஆக்கினான். அப்புறம் முந்நூறு என்றார்கள். அதையும் செய்தான். அந்தக் கொட்டகைகளில் அறை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கே மாயம் எதுவும் நடக்கவில்லை. அவன் வரைந்தபடி அப்படியே இருந்தன.

1942 ஏப்ரலில் தோல்பதனிடும் தெருவில் மிச்சமிருந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது: புதன்கிழமை காலை, ஆளுக்கு ஒரு பெட்டி, ரயில் கிழக்கே போகும். புதன்கிழமை பெயர் கூப்பிட்டபோது தேயா அங்கே இல்லை. மறுநாள் ரகசியப் போலீஸ் இன்ஸ்பெக்டர் டீட்ஸ் லோதரின் அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"எனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்ல. மூணு வருஷம் தாண்டிடுச்சு" என்றான் லோதர்.

"அது தெரியும் சார், அதுக்காக வரல. ஊர்ல முப்பத்தொரு வீட்ல உங்க அறை இருக்காம். எங்க ஆளுங்க போனா கதவே தெரிய மாட்டேங்குது. சுவரத் தட்டித் தட்டி கைதான் வீங்குது."

அது உண்மை. போர் தொடங்கியதிலிருந்தே அந்த அறைகளின் கதவுகள் வெளியாட்கள் கண்ணில் படுவதை நிறுத்திக்கொண்டிருந்தன. டீட்ஸ் அவன் முகத்தைப் பார்த்தார்.

"இன்னொண்ணும் காதுல விழுந்துச்சு. அந்த வீடெல்லாம் அந்தம்மாதான் வரைஞ்சதாம், நீங்க கையெழுத்து மட்டும்தானாம். அப்படீன்னா உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணப்போறேன்? நீங்க வரையாததப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், பாவம். ஒரே வரி எழுதிக் குடுத்துடுங்க, நான் பாட்டுக்குப் போயிட்டே இருக்கேன்."

ஒரே வரி. அவள் வரைந்தவை, எனக்கு எதுவும் தெரியாது. இதை எழுத அரைத் தாள்கூட வேண்டாம். அதை எழுதியிருந்தால் தேயாவைக் கண்டுபிடிக்க உலகத்தில் வேறு ஆள் கிடையாது. இது லோதருக்கும் நன்றாகத் தெரிந்தது. மேசையில் பேனா இருந்தது. அவன் பேனாவைக் கையில் எடுக்கவும் செய்தான். ஆனால் அவன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"யாரு சொன்னான் அப்படி?"

"கூடப் படிச்சவங்க யாரோ."

"முப்பத்தொண்ணும் நான் வரைஞ்சது. ஒவ்வொரு சுவரும் எனக்கு அத்துப்படி" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து வரைபடச் சுருள்களையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினான்.

மூன்று நாள் வீடு வீடாகப் போனார்கள். மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சுருளை விரித்து, கோடு விட்டுப்போன இடத்தைக் கண்ணாடியில் தேடி, மாடிக்குப் போய்ச் சுவரில் விரலை வைத்தான். கதவு தெரிந்தது. உள்ளே பட்டாம்பூச்சிகள்தான் இருந்தன. டீட்ஸ் கைதட்டாத குறையாகப் பார்த்தார். சகோதரிகள் வீட்டில் அந்த அறைக்குள் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். "ஓ, உங்க அறைய நீங்களே வந்து கண்டுபிடிக்கிறீங்களா ஆர்க்கிடெக்ட் சார்? ரொம்ப சந்தோஷம்" என்று மூத்தவள் சொன்னாள், தங்கையைப் பார்த்துக்கொண்டே. லோதருக்கு அது உறைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் கதவுகள் அவன் விரலுக்குத் திறந்தன. ஒவ்வொரு வீட்டிலும் தெருவில் கூடி நின்றவர்கள் பார்க்க, இது என் வீடு, இது என் அறை என்று சொல்ல முடிந்தது. எதைத் தேடிக்கொண்டு போகிறோம் என்பதைப் பல மணி நேரம் அவன் மறந்தேபோனான்.

பத்தொன்பதாவது வீடு ரொட்டிக்கடை. பாய்ர்லே போர்முனையில் இருந்தார். மாவுக் கையோடு அவர் மனைவி வழியில் நின்றாள்.

"இங்க ஒண்ணுமில்ல. அந்த அறை போன வருஷமே போயிடுச்சு. வேணும்னா அடுப்புக்குள்ள பாருங்க."

லோதர் சுருளை விரித்தான். கோடு விட்டுப்போயிருந்த இடம் மாவு அலமாரிக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருந்தது. மற்ற வரைபடங்களைவிட இதில் இடைவெளி கொஞ்சம் பெரியது. பாய்ர்லே வீட்டுக்காரம்மாவைப் பற்றித் தேயா கூடுதல் நேரம் யோசித்திருக்கிறாள். "இங்க" என்று விரலை வைத்தான்.

இஸ்திரிப் பலகையின் மேல் தாளை விரித்துத் தேயா வரைந்துகொண்டிருந்தாள். சன்னல் வெளிச்சம் தாளில் விழுந்திருந்தது. நரைத்திருந்தாள், மெலிந்திருந்தாள், இடது கண் கட்டி வீங்கியிருந்தது. லோதர் இதையெல்லாம் அப்புறம்தான் பார்த்தான். முதலில் அவன் பார்த்தது தாளை. என்ன அது, வீடா, பள்ளிக்கூடமா, எத்தனை மாடி? கழுத்தை நீட்டினான். அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள். பதினான்கு வருடக் குடித்தனத்தில் ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். முழங்கையை மடக்கித் தாளை மறைத்துக்கொண்டாள்.

"மொதல்ல எம்மூஞ்சியப் பாத்திருக்கலாம் லோதர்" என்றாள்.

டீட்ஸ் தாளை உருவி நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். தேயா கோட்டை மாட்டிக்கொண்டாள். பாய்ர்லே வீட்டுக்காரம்மா ஒரு முழு ரொட்டியை அவள் கையில் திணித்தாள். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு அந்த அம்மாவையும் வண்டியில் ஏற்றினார்கள். படியிறங்கும்போது லோதர் இன்ஸ்பெக்டரின் கையைத் தொட்டு, "அந்தத் தாள ஒரு நிமிஷம் பாத்துட்டுத் தரட்டுமா?" என்று கேட்டான். "சாட்சிப் பொருள் சார்" என்றார் அவர். அன்று லோதர் கேட்டது அது ஒன்றைத்தான்.

தேயாவை அடுத்த ரயிலில் ஏற்றினார்கள். அவள் திரும்பி வரவில்லை. அந்த வாரக் கடைசிக்குள் முப்பத்தொரு அறைகளும் மூடிக்கொண்டன. பட்டாம்பூச்சிகளும் பாதி பின்னிய ஸ்வெட்டரும் உள்ளேயே போயின. புகைபோக்கி சுத்தம் செய்பவர் வீட்டுக்கு ஒரு புகைவழி குறைந்திருப்பதாக நகராட்சிக்கு எழுதினார். சகோதரிகளின் பேச்சு முழுசாக நின்றது. 1944-இல் மாவட்ட அலுவலகத்தின் மேல் குண்டு விழுந்தபோது அதில் ஒன்பது அறைகள்தான் மிச்சம் இருந்தன. எட்டில் யாரும் இல்லை, ஒன்பதாவதில் ஹேகெலே இருந்தார்.

போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் வந்தார்கள். கட்சி ஆட்சியில் யார் என்ன செய்தார்கள் என்று விசாரிக்கும் நூற்றுமுப்பத்தொரு கேள்விகள் அடங்கிய படிவத்தை லோதரும் நிரப்பிக் கொடுத்தான். செய்த பணிகள் என்ற இடத்தில் முப்பத்தொரு வீடுகளையும் தெருப்பெயரோடு எழுதினான். கொட்டகைகளை "மரவேலை" என்று எழுதினான். விசாரணை மன்றத்தில் பாய்ர்லே வீட்டுக்காரம்மா சாட்சி சொன்னாள். மூன்று வருடம் சிறையில் இருந்து வந்திருந்தாள். பற்களில் பாதி இல்லை.

"கைஸ்லர் கட்டாயத்தின் பேர்ல வந்ததா உங்களுக்குத் தோணிச்சாம்மா?" என்று மன்றத் தலைவர் கேட்டார்.

"கட்டாயமா? கதவு தெரிஞ்சதும் அந்த ஆளு சிரிச்சாருங்க. பரீட்சையில மொத மார்க்கு வாங்கின புள்ள சிரிக்கிற மாதிரி. அத உங்க படிவத்துல எந்தக் கேள்விக்கு நேரா எழுதுவீங்க?"

சிரிப்புக்குப் படிவத்தில் இடமில்லை. யூதப் பெண்ணோடு பதினான்கு வருடம் குடும்பம் நடத்தியவர் என்பதை மன்றம் அவனுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டது. கூட்டத்தோடு போனவர் என்று நான்காவது பிரிவில் போட்டு, சிறிய அபராதத்தோடு விட்டார்கள். பாதி ஊர் இடிந்து கிடந்தது. கட்டத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

1953-இல் ஆற்றோரம் நகராட்சிக்காக நாற்பது குடித்தனங்கள் கொண்ட கட்டடத்தை லோதர் கட்டிக்கொடுத்தான். சாவி கொடுக்கும் நாளன்று எண்ணினால் நாற்பத்தொன்று இருந்தன. மூன்றாம் மாடியில் இடதுபக்கம் யாரும் வரையாத ஒரு கதவு. அழைப்புமணிக்குப் பக்கத்தில் "தே. மென்ஹைம்" என்று சின்னப் பெயர்ப்பலகை. நகராட்சி எழுத்தர் அதைக் கோப்பில் ஏற்றினார். "கைஸ்லர் பழைய ஃபார்முக்கு வந்துட்டாருய்யா" என்று ஊர் பேசிக்கொண்டது. லோதர் வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் வரைபடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தான். ஒரு கோட்டிலும் இடைவெளி இல்லை. அவன் கை எங்கும் நிற்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மாடிப்படி கூட்டித் துடைப்பது வாரம் ஒரு வீட்டின் முறை. யார் முறையோ அவர்கள் கதவில் அட்டை தொங்கும். சனிக்கிழமை மதியத்துக்குள் படி பளிச்சென்று இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நாற்பத்தொன்றாம் எண் கதவிலும் அட்டை முறைப்படி வந்து தொங்கியது. உள்ளேயிருந்து ஆள் வெளியே வந்ததை ஒருவரும் பார்த்ததில்லை, ஆனால் சனிக்கிழமை படி ஈரமாக, சோப்பு வாசனையோடு இருந்தது. கைப்பிடியின் அடிப்பக்கம்கூடத் துடைத்திருந்தது. இப்படி ஒரு குடித்தனம் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள்.

லோதர் முதலில் ஒரு சனிக்கிழமை போனான். மணியை அடித்தான், கதவைத் தட்டினான், பதில் இல்லை. கதவில் காதை வைத்தான். உள்ளே பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. நீளமாக ஓடியது, ஓரிடத்தில் நின்றது. அந்த நிறுத்தம் அவனுக்குத் தெரியும். யாரையோ நினைத்துக்கொள்கிறாள், இன்னும் என்ன வேண்டும் இவர்களுக்கு என்று யோசிக்கிறாள். யாரை? லோதருக்கு வயிறு எரிந்தது. ஐம்பத்தைந்து வயதில், செத்துப்போனவளை நினைத்து, இருபது வயதில் எரிந்த மாதிரியே எரிந்தது. பிறகு சத்தம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அவன் மண்டியிட்டு, தபால் போடும் துளையின் மூடியைத் தூக்கி, அதில் வாயை வைத்தான். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று எதிர்வீட்டுக்காரி நினைத்துக் கதவிடுக்கில் நின்றாள். அவள் பிற்பாடு சொன்னதுதான் இது.

"என்ன வரையுற தேயா?" என்றான் லோதர். "ஒரு தடவ காட்டேன். ஒரே ஒரு தடவ."

பென்சில் நிற்கவில்லை. கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரி வெளியே வந்தாள். "சார், தொடச்ச படியில ஷூவோட நிக்காதீங்க. இந்த வாரம் அந்தம்மா மொற. பாவம், இப்பதான் தொடச்சிருக்காங்க" என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து லோதர் செவ்வாய்க்கிழமைகளில் வந்தான். சாகும்வரை பதின்மூன்று வருடம் வந்தான். நாற்பத்தொன்றாம் எண் குடித்தனத்தைப் பற்றி இதுவரை யாரும் நகராட்சிக்குப் புகார் எழுதியதில்லை.